மாஸ்க் போட்டுப் படம் வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படத்தை நான்கு மூலையும் நேராக நறுக்க கிராப் டூல் போதும். வட்டமாக வேண்டும், ஒரு எழுத்தின் வடிவத்துக்குள் வேண்டும், ஆளை மட்டும் தனியாக எடுக்க வேண்டும் என்று வரும்போது மாஸ்க் இல்லாமல் முடியாது. புதிதாகப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஃபோட்டோஷாப், ஜிம்ப் என்ற இரண்டு படம் திருத்தும் மென்பொருள்களையும் வைத்தே பதில் சொல்கிறேன். பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ ஏறக்குறைய ஃபோட்டோஷாப் மாதிரிதான் இருக்கும், அதனால் அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை இதற்கும் பொருந்தும். கீகளை விண்டோஸுக்குச் சொல்கிறேன். மேக் என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

மாஸ்க் என்றால் உண்மையில் என்ன?

லேயரோடு, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களில் ஒன்றோடு, ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் உங்கள் போட்டோ தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் மறைந்திருக்கும். சாம்பல் நிறம் என்றால் அரைகுறையாகத் தெரியும். சாதாரண 8 பிட் படத்தில் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. 128-ஐ ஒட்டிய சாம்பல் வைத்தால் படம் கிட்டத்தட்டப் பாதி ஊடுருவித் தெரியும். ஓரத்தை மெல்ல மங்கவிட வேண்டுமென்றால் மாஸ்கில் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரு கிரேடியன்ட் இழுத்தால் போதும்.

மாஸ்க் எதையும் வெட்டுவதில்லை, மறைக்க மட்டும் செய்கிறது. கீழே வரப்போகும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

இரேசரால் அழித்தாலும் அதே ரிசல்ட்தானே வருகிறது?

திரையில் பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் இரேசர் பிக்சலையே எடுத்துவிடுகிறது. நான் பழகிய புதிதில் ஒரு நாயின் படத்தை இரேசரால் சுத்தம் செய்தேன். பின்னணி போயிற்று, கூடவே காதோரம் இருந்த மெல்லிய ரோமமும் போயிற்று. மறுநாள் திறந்து பார்த்தபோதுதான் காது அட்டையில் வெட்டி ஒட்டியது மாதிரி இருப்பது கண்ணில் பட்டது. ஃபைலை மூடிவிட்டதால் அன்டூ இல்லை. அசல் ஃபைலின் மேலேயே சேவ் செய்திருந்ததால் திரும்பப் போக வழியும் இல்லை. மாஸ்க் போட்டிருந்தால் வெள்ளை பிரஷ்ஷால் நாலு தடவை தடவி அந்த ரோமத்தைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம்.

அதனால் இரேசரைத் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்வேன். மாஸ்க்கில் வேலை செய்யும்போது நான்கு கீகள் கையில் இருந்தால் போதும். டி அழுத்தினால் நிறங்கள் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பும், எக்ஸ் அழுத்தினால் இரண்டும் இடம் மாறும், பகர அடைப்புக்குறிக் கீகள் இரண்டும் பிரஷ்ஷைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். தப்பாகப் போய்விட்டதா, எக்ஸ் அழுத்தி மறுபடி தடவுங்கள்.

ஒரு முகத்தை வட்டமாக வெட்ட என்ன செய்ய வேண்டும்?

ஃபோட்டோஷாப்பில் எலிப்டிகல் மார்க்கீ டூலை எடுத்து, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி இழுங்கள். முட்டை வடிவம் ஆகாமல் சரியான வட்டம் வரும். இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஸ்பேஸ்பாரையும் அழுத்தினால் வட்டத்தை அப்படியே நகர்த்தி இடம் பார்க்கலாம். பிறகு லேயர்ஸ் பேனலின் அடியில், செவ்வகத்துக்குள் வட்டம் போட்ட சின்னப் பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். வட்டத்துக்கு வெளியே இருந்ததெல்லாம் மறைந்துவிடும். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு அதே பட்டனை அழுத்தினால் தலைகீழாக நடக்கும், அதாவது நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதி மறையும்.

ஜிம்பில் எலிப்ஸ் செலக்ட் டூல். இங்கே ஒரு வித்தியாசம் உண்டு: இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஷிஃப்ட்டை அழுத்த வேண்டும். முதலிலேயே அழுத்தினால், ஏற்கெனவே உள்ள செலக்‌ஷனோடு சேர்க்கச் சொல்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். பிறகு லேயர் மெனுவில் மாஸ்க், அதில் ஆட் லேயர் மாஸ்க். கேட்கும் பெட்டியில் செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வட்டம் சரி, முகம்தான் நடுவில் வரவில்லை. நகர்த்தினால் வட்டமும் சேர்ந்து நகருகிறதே?

லேயரின் சின்னப் படத்துக்கும் மாஸ்கின் சின்னப் படத்துக்கும் நடுவில் ஒரு சங்கிலி ஐகான் இருக்கும். அதை ஒரு தடவை சொடுக்கினால் இரண்டும் பிரிந்துவிடும். பிறகு படத்தின் பக்கம் சொடுக்கி, மூவ் டூலால் நகர்த்துங்கள். வட்டம் அசையாது, உள்ளே முகம் மட்டும் நகரும். கன்ட்ரோல் டி அழுத்தி முகத்தைப் பெரிதாக்கவோ சாய்க்கவோகூடச் செய்யலாம். ஜன்னலை அப்படியே வைத்துவிட்டு வெளியே இருக்கும் காட்சியை நகர்த்துவது மாதிரி. வேலை முடிந்ததும் சங்கிலியைத் திரும்பப் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த தடவை லேயரை நகர்த்தும்போது மாஸ்க் பின்தங்கிவிடும்.

கிராப் டூலை விட்டுவிட்டு மாஸ்க் பக்கம் வருவதற்கு எனக்கு இந்த ஒரு வசதியே போதும் என்று தோன்றும். ஒரே அளவு வட்டத்தில் இருபது பேர் முகம் வேண்டுமென்றால், சட்டத்தை ஒரு தடவை செய்துவிட்டு உள்ளே ஆளை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

கிளிப்பிங் மாஸ்க் என்று வேறொன்று சொல்கிறார்களே?

லேயர் மாஸ்க்கில் நீங்கள் கறுப்பு வெள்ளையில் வரைகிறீர்கள். கிளிப்பிங் மாஸ்க்கில் வரைவதே இல்லை. ஒரு லேயரின் வடிவத்தை இன்னொரு லேயருக்குச் சட்டமாகக் கொடுக்கிறீர்கள். கீழே ஒரு நட்சத்திரம், மேலே ஒரு கடல் படம் என்று வையுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஆல்ட்டைப் பிடித்தபடி இரண்டு லேயர்களுக்கும் நடுவில் உள்ள கோட்டில் சொடுக்கினால், கடல் நட்சத்திர வடிவில் மட்டும் தெரியும். கன்ட்ரோல் ஆல்ட் ஜி என்பதும் அதே வேலையைச் செய்யும். கீழே இருப்பது எழுத்தாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் எழுத்துக்குள் படத்தை வைத்த பிறகும் எழுத்துப் பிழையைத் திருத்தலாம், ஃபான்ட்டை மாற்றலாம்.

இதில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஃபோட்டோஷாப்பில் வடிவம் கீழே, படம் மேலே. இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள்களில் இதற்கு நேர்மாறு: வெட்டும் வடிவம் மேலே இருக்க வேண்டும், படம் கீழே. இல்லஸ்ட்ரேட்டரில் இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் 7. இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் மெனுவில் கிளிப். ஒன்றில் பழகிவிட்டு மற்றொன்றுக்குப் போகிறவர்கள் படமே காணாமல் போய்விட்டது என்று பதறுவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான்.

ஜிம்பில் கிளிப்பிங் மாஸ்க்கே இல்லையா?

அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது, வேலை நடக்கும். ஒரு லேயர் குரூப் உருவாக்கி, அடியில் வட்டத்தையும் மேலே போட்டோவையும் வையுங்கள். போட்டோ லேயரை வலது சொடுக்கி, காம்போசிட் மோடில் கிளிப் டு பேக்டிராப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். குரூப்புக்குள் வைப்பது முக்கியம். இல்லையென்றால் கீழே இருக்கும் மற்ற லேயர்கள் எல்லாம் சேர்ந்து சட்டமாகிவிடும். ஜிம்பில் மேலே சொன்ன சங்கிலி கிடையாது, அதனால் வட்டத்துக்குள் முகத்தை நகர்த்த வேண்டுமென்றால் அங்கே இதுதான் நல்ல வழி. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இதையே இன்ஹெரிட் ஆல்ஃபா என்ற பட்டன் செய்யும், அங்கேயும் குரூப் வேண்டும்.

வெக்டர் மாஸ்க் எப்போது தேவை?

ஓரம் கூர்மையாக, கணக்காக இருக்க வேண்டிய பொருள்களுக்கு: பாட்டில், ஃபோன், லோகோ, கட்டடம். பென் டூலால் கோடு போட்டுச் செய்வதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது. முடி, ரோமம், புகை, இலைக்கூட்டம் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பென் டூலால் ஒரு கோப்பையைச் சுற்றி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுவார்கள்: கைப்பிடிக்குள் இருக்கும் ஓட்டை. வெளிக்கோட்டை அவ்வளவு கவனமாகப் போட்டுவிட்டு, கைப்பிடிக்குள் பழைய மேஜையின் மரநிறம் ஒரு சின்னத் துண்டாக நின்றுகொண்டிருக்கும். கை இடுப்பில் வைத்து நிற்கும் ஆள், சைக்கிள் சக்கரம், நாற்காலிக் கால்கள் என்று உள்ளே இடைவெளி உள்ள எதற்கும் இது பொருந்தும். வெளிக்கோடு முடிந்ததும் உள் ஓட்டைகளைத் தனியாக ஒரு சுற்றுப் பாருங்கள்.

மாஸ்க்கில்தான் வரைகிறேன், ஆனால் படத்தின் மேலேயே கறுப்பு விழுகிறது.

நீங்கள் மாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கவில்லை, படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். லேயர்ஸ் பேனலில் எந்தச் சின்னப் படத்தைச் சுற்றிச் சட்டம் தெரிகிறதோ அதில்தான் பிரஷ் வேலை செய்யும். அன்டூ செய்துவிட்டு மாஸ்க் மேல் ஒரு சொடுக்கு.

திடீரென்று திரையெல்லாம் சிவப்பாகிவிட்டது!

பயப்பட ஒன்றுமில்லை. ஃபோட்டோஷாப்பில் பின்சாய்வுக் கோட்டுக் கீயில் கை பட்டிருக்கும், மறுபடி அழுத்தினால் போய்விடும். மாஸ்க் மறைத்திருக்கும் பகுதியைச் சிவப்பாகக் காட்டும் பார்வை அது. நிறத்துக்குக் காரணம் உண்டு: கம்ப்யூட்டர் வருவதற்கு முன் அச்சுத் தொழிலில் மறைக்க வேண்டிய இடங்களில் ரூபிலித் என்ற சிவப்பு ஃபிலிமை வெட்டி ஒட்டுவார்கள். அச்சுக்கான ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது என்பதால் சிவப்பு ஒட்டிய இடம் மறைந்துவிடும், வெட்டுகிறவர் கண்ணுக்கோ அடியில் இருப்பது தெரியும். அந்தச் சிவப்புதான் இங்கேயும் வந்திருக்கிறது. ஒரு சின்ன மரியாதை போல எனக்குப் படும்.

மாஸ்க்கைச் சோதிக்க இன்னும் நல்ல வழி, ஆல்ட்டைப் பிடித்தபடி மாஸ்க் சின்னப் படத்தைச் சொடுக்குவது. வெறும் கறுப்பு வெள்ளை மட்டும் தெரியும். முழுக் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் தூசி மாதிரி சாம்பல் புள்ளிகளும், வெள்ளைக்கு நடுவில் சின்ன ஓட்டைகளும் அப்போது பளிச்சென்று தெரியும். ஷிஃப்ட்டோடு சொடுக்கினால் மாஸ்க் தற்காலிகமாக அணைந்து முழுப் படமும் வரும். முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

வெட்டி எடுத்த ஆளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. ஏன்?

கேமரா எடுக்கும் படத்தில் ஓரப் பிக்சல் எதுவும் முழுக்க ஆளுடையதும் இல்லை, முழுக்கப் பின்னணியுடையதும் இல்லை. இரண்டின் நிறமும் கலந்துதான் இருக்கும். வெள்ளைச் சுவர் முன்னால் நின்றவரின் தோள் ஓரத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்: கறுப்புச் சட்டையிலிருந்து வெள்ளைக்குப் போகும் வழியில் இரண்டு மூன்று சாம்பல் பிக்சல்கள் இருக்கும். பழைய வெள்ளைச் சுவர் முன்னால் அவை கண்ணுக்குப் படாது. ஆளைக் கொண்டுபோய் இருண்ட பின்னணியில் வைத்தவுடன் அவைதான் கோடாக எரியும்.

முதல் மருந்து, மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுப்பது. ஃபோட்டோஷாப்பில் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, ஃபில்டர் மெனுவில் அதர், அதில் மினிமம், அளவு 1. கறுப்பு ஒரு பிக்சல் உள்ளே பரவும். ஜிம்பில் ஃபில்டர்ஸ் மெனுவில் ஜெனரிக், அதில் இரோட். பெரும்பாலான படங்களுக்கு இதோடு தீர்ந்துவிடும்.

முடி மாதிரி இடங்களில் உள்ளே இழுத்தால் முடியே போய்விடும். அங்கே மாஸ்க்கைத் தொடாமல் நிறத்தை மாற்ற வேண்டும். ஆளின் மேல் ஒரு புது லேயர் போட்டு, அதை ஆளோடு கிளிப் செய்துகொள்ளுங்கள். ஓரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் அசல் முடி நிறத்தை ஆல்ட் சொடுக்கால் எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்தின் மேல் தடவுங்கள். கிளிப் செய்திருப்பதால் நிறம் வெளியே வழியாது, வெள்ளைக் கோடு மட்டும் முடி நிறத்துக்கு மாறும். செலக்ட் அண்ட் மாஸ்க் பெட்டியில் உள்ள டிகன்டாமினேட் கலர்ஸ் இதைத் தானாகச் செய்ய முயலும். அவசரத்துக்கு நன்று. ஆனால் அது பிக்சல் நிறத்தையே மாற்றுவதால் தனி லேயராகத்தான் தரும், அசலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும்போதே அடியில் கறுப்பு, வெள்ளை, நடுச் சாம்பல் என்று மூன்று லேயர்கள் போட்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே பின்னணியில் பார்த்தால் இந்தக் கோடு கண்ணை ஏமாற்றிவிடும்.

முடியை எப்படித்தான் வெட்டுவது?

இழை இழையாக வரைய வேண்டாம். படத்திலேயே முடிக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை மாஸ்க்காக மாற்றிக்கொள்ளலாம். சேனல்ஸ் பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். எதில் முடி நன்றாகக் கறுத்து, பின்னணி நன்றாக வெளுத்துத் தெரிகிறதோ அதை நகல் எடுங்கள். பல படங்களில் அது நீலமாக இருக்கும். நகலில் லெவல்ஸ் போட்டுக் கறுப்பையும் வெள்ளையையும் இன்னும் பிரியுங்கள். முழுக்கப் பிரிக்கப் பார்க்காதீர்கள், நுனி முடிகள் போய்விடும். மீதிச் சாம்பலுக்கு பிரஷ்ஷை ஓவர்லே மோடில் வைத்துத் தடவுங்கள். ஓவர்லேயில் கறுப்பு பிரஷ் முழு வெள்ளையைத் தொடாது, வெள்ளை பிரஷ் முழுக் கறுப்பைத் தொடாது. நடுவில் உள்ள சாம்பல் மட்டும் அந்தந்தப் பக்கம் நகரும். முகம், உடம்பு எல்லாவற்றையும் சாதாரண பிரஷ்ஷால் கறுப்பாக நிரப்புங்கள். பிறகு கன்ட்ரோல் ஐ அழுத்தினால் தலைகீழாகி ஆள் வெள்ளையாக வருவார். சேனலை கன்ட்ரோலோடு சொடுக்கி, செலக்‌ஷனாக எடுத்து, லேயருக்குத் திரும்பிப்போய் மாஸ்க் பட்டன்.

பின்னணியும் கறுப்பு, முடியும் கறுப்பு என்றால் இந்த வழி உதவாது. அப்போது ஓரத்தை மாஸ்க்கில் மென்மையாக முடித்துவிட்டு, முடி மாதிரி பிரஷ்ஷால் சில இழைகளை மேலே புதிதாக வரைவதுதான் நேர்மையான வழி.

ஓரம் ரம்பப்பல் மாதிரி வருகிறது. ஃபெதர் எவ்வளவு வைக்கலாம்?

முதலில் செலக்‌ஷன் டூலில் ஆன்டி அலியாஸ் (ஓரத்தின் படிக்கட்டுகளை மென்மையாக்கும் தேர்வு) டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகும் கூர்மை உறுத்தினால் அரை முதல் ஒரு பிக்சல் ஃபெதர், அதாவது ஓரத்தை மங்கவிடும் அளவு. அசல் போட்டோவின் ஓரம் எவ்வளவு மென்மையோ அவ்வளவுதான் மாஸ்க்கின் ஓரமும் இருக்க வேண்டும். ஃபோகஸில் இருக்கும் மூக்கருகே கூர்மையாக, மங்கலான தோளருகே மென்மையாக. முழுவதற்கும் ஒரே ஃபெதர் போடுவதால்தான் வெட்டி ஒட்டியது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. ஃபோட்டோஷாப்பின் ப்ராபர்டீஸ் பேனலில் உள்ள ஃபெதரைப் பயன்படுத்தினால் பிறகு குறைக்கலாம், கூட்டலாம்.

வெட்டியாயிற்று, ஆனால் சுற்றிலும் பெரிய காலியிடம் இருக்கிறது.

மாஸ்க் கேன்வாஸின் அளவை மாற்றாது. ஃபோட்டோஷாப்பில் இமேஜ் மெனுவில் ட்ரிம், அதில் ட்ரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ். ஜிம்பில் இமேஜ் மெனுவில் கிராப் டு கன்டென்ட்.

சேவ் செய்தால் பின்னணி வெள்ளையாகிவிடுகிறது.

ஜேபெக்காகச் சேமித்திருப்பீர்கள். ஜேபெக்கில் ஊடுருவும் தன்மைக்கு இடமே இல்லை. பிஎன்ஜி அல்லது வெப்பி எடுங்கள். ஜிஃபில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, நடுவில் எதுவும் கிடையாது. நீங்கள் பாடுபட்டுச் செய்த மென்மையான ஓரம் அங்கே ரம்பப்பல்லாகிவிடும்.

பிஎன்ஜியில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவதாக ஆல்ஃபா என்ற எண் இருக்கும். உங்கள் மாஸ்க் எக்ஸ்போர்ட் ஆகும்போது போய்ச் சேரும் இடம் அதுதான். 1970களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும் உருவாக்கியது. இரண்டு படங்களைக் கலக்கும் சூத்திரத்தில் இருந்த கிரேக்க எழுத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். வேலை ஃபைலை பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) அல்லது எக்ஸ்சிஎஃப் (ஜிம்ப்) ஆகத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பிஎன்ஜியில் மாஸ்க்கைத் திரும்பத் திருத்த முடியாது.

மாஸ்க்கால் மறைத்த பகுதியை வேறு யாராவது பார்க்க முடியுமா?

பிஎஸ்டி ஃபைலைக் கொடுத்தால் தாராளமாகப் பார்க்கலாம். ஷிஃப்ட்டோடு ஒரு சொடுக்கு போதும். அடையாள அட்டை எண், ஒரு குழந்தையின் முகம், வீட்டு முகவரி போன்றவற்றை மாஸ்க்கால் மறைத்து அந்த ஃபைலையே யாருக்கும் அனுப்பாதீர்கள். கிராப் டூலிலும் டிலீட் கிராப்டு பிக்சல்ஸ் டிக் இல்லையென்றால் வெட்டியது உள்ளேயே இருக்கும். ஜிம்பில் பிஎன்ஜி எக்ஸ்போர்ட் செய்யும்போது, ஊடுருவும் பிக்சல்களின் நிறத்தைச் சேமிக்கவா என்று ஒரு தேர்வு வரும். அது டிக் ஆகியிருந்தால் மறைத்த நிறங்கள் ஃபைலுக்குள் தங்கிவிட வாய்ப்புண்டு, எடுத்துவிடுங்கள்.

இது வெறும் எச்சரிக்கைக்காகச் சொல்வதல்ல. 2023 மார்ச்சில் ஏக்ரோபலிப்ஸ் என்ற பெயரில் ஒரு குறை வெளியே வந்தது. கூகுள் பிக்சல் ஃபோன்களில் இருந்த மார்க்கப் கருவியில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், புதிய சின்னப் படம் பழைய ஃபைலின் மேல் எழுதப்படும், ஆனால் மிச்சமிருந்த பழைய தரவு நீங்காமல் வாலாகத் தொங்கும். அதிலிருந்து வெட்டிய பகுதியில் ஓரளவை மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே மாதிரி குறை இருந்தது. பிறகு இரண்டும் சரிசெய்யப்பட்டன.

ரகசியம் காக்க வேண்டிய படம் என்றால் அந்த இடத்தின் மேல் முழுக் கறுப்புப் பெட்டி வையுங்கள், ஃப்ளாட்டன் செய்து எல்லா லேயர்களையும் ஒன்றாக்குங்கள், புதுப் பெயரில் ஜேபெக்காகச் சேமியுங்கள். மாஸ்க் இந்த வேலைக்கு ஏற்பட்டதல்ல.

ஒரே சொடுக்கில் பின்னணியை எடுக்கும் வசதி வந்துவிட்டதே, இதெல்லாம் இன்னும் கற்க வேண்டுமா?

அதை நானும் தினமும் பயன்படுத்துகிறேன். பத்தில் ஒன்பது பங்கு வேலையை அது முடித்துக் கொடுக்கும்போது வேண்டாம் என்பதற்குக் காரணமில்லை. மிச்ச ஒரு பங்குதான் விரல் நடுவே, கண்ணாடிச் சட்டத்தில், முடி நுனியில் இருக்கும், அங்கே கை போக வேண்டும். ஃபோட்டோஷாப்பின் ரிமூவ் பேக்கிரவுண்ட் பதிலை மாஸ்க்காகவே தருவதால் திருத்துவது எளிது. சில இணையதளங்கள் வெறும் பிஎன்ஜியாகத் தரும், அதில் வெட்டியது போனதுதான்.

அதற்கும் வழி உண்டு. அந்த பிஎன்ஜியின் அளவு அசலின் அளவேதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசல் படத்தின் மேல் அதைச் சரியாகப் பொருத்தி வைத்து, அதன் சின்னப் படத்தை கன்ட்ரோலோடு சொடுக்குங்கள். ஆளின் வடிவம் செலக்‌ஷனாக வரும். ஜிம்பில் லேயர் மெனுவில் ட்ரான்ஸ்பரன்சி, அதில் ஆல்ஃபா டு செலக்‌ஷன். அப்புறம் அசல் லேயரைத் தேர்ந்தெடுத்து மாஸ்க் போட்டுவிட்டு, பிஎன்ஜி லேயரை அணைத்துவிடுங்கள். இப்போது அதே வெட்டு அசல் படத்தின் மேல் மாஸ்க்காக இருக்கிறது. விட்டுப்போன காதையும் விரலையும் வெள்ளை பிரஷ்ஷால் வெளியே கொண்டுவரலாம்.

ஒரு லேயரில் போட்ட மாஸ்க்கை இன்னொன்றுக்கும் போட முடியுமா?

ஃபோட்டோஷாப்பில் ஆல்ட்டைப் பிடித்தபடி மாஸ்க்கை இழுத்து மற்ற லேயரின் மேல் விடுங்கள். ஆல்ட் இல்லாமல் இழுத்தால் நகல் வராது, மாஸ்க்கே இடம் மாறிவிடும். ஜிம்பில் மாஸ்க் டு செலக்‌ஷன் கொடுத்துவிட்டு, புது லேயரில் செலக்‌ஷனிலிருந்து மாஸ்க் போடுங்கள். ஐந்தாறு லேயர்களுக்கு ஒரே மாஸ்க் வேண்டுமென்றால் நகல் எடுக்கவே வேண்டாம்: எல்லாவற்றையும் ஒரு குரூப்பில் போட்டு, குரூப்புக்கு ஒரே ஒரு மாஸ்க். திருத்தமும் ஒரே இடத்தில் முடிந்துவிடும்.